மின்தொகுப்பில் அடங்காத அலைவுகள்: கேள்வி பதில்

ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்து எழுதியிருக்கிறேன். கணக்கு வேண்டாம் என்று மூன்று பேர் கெஞ்சியிருக்கிறார்கள், முடிந்தவரை தவிர்க்கிறேன்.

கேள்வி: ஐயா, மாறுதிசை மின்சாரமே வினாடிக்கு 50 முறை அலைவதுதானே? பிறகு எதை வேண்டாத அலைவு என்கிறீர்கள்?

அந்த 50 இருக்கட்டும், அது தன் வேலையைச் செய்கிறது. அதன் மேல் ஏறிக்கொள்ளும் மெதுவான ஊசலாட்டம்தான் தொல்லை. ஓர் உயரழுத்த மின்கம்பித் தடத்தில் 400 மெகாவாட் சீராகப் போக வேண்டும். அது 350க்கும் 450க்கும் இடையே நான்கு வினாடிக்கு ஒருமுறை போய்வந்தால், அது 0.25 ஹெர்ட்ஸ் அலைவு. ஒரு வட்டாரத்து ஜெனரேட்டர்கள் ஒன்றுகூடித் தொலைவிலுள்ள இன்னொரு வட்டாரத்து ஜெனரேட்டர்களோடு மல்லுக்கட்டுகின்றன என்று பொருள். அலைவு எவ்வளவு விரைவாக அடங்கும் என்பதைச் சொல்லும் தணிப்பு விகிதம் 5 சதவீதம் இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் வீச்சு கால் பங்குக்குச் சற்றே அதிகமாகக் குறைந்து, விரைவில் அடங்கிவிடும். தணிப்பு எதிர்மறையானால் வீச்சு வளர்ந்துகொண்டே போகும், தடங்கள் அறுபடும் வரை.

கேள்வி: காற்றாலையும் சூரியத் தகடும் பெருகியதால் வந்த வினைதானே இது? நேராகச் சொல்லுங்கள்.

நேராகவே சொல்கிறேன்: பாதிதான் உண்மை. 1996 ஆகஸ்ட் 10 அன்று வட அமெரிக்காவின் மேற்குத் தொகுப்பில் ஏறத்தாழ 0.25 ஹெர்ட்ஸ் அலைவு வளர்ந்து, தொகுப்பு ஒன்றோடொன்று இணைப்பில்லாத நான்கு தீவுகளாக உடைந்தது. சுமார் 75 லட்சம் இணைப்புகள் இருண்டன. சூரிய மின்சாரத்தின் மேல் பழிபோடும் அளவுக்கு அங்கே அப்போது அது இருக்கவில்லை. எனக்கு அதைவிட உறைத்த செய்தி வேறு. அன்று கையிலிருந்த கணினி மாதிரியில் அதே நிகழ்வை ஓட்டிப் பார்த்தபோது, அலைவு சமர்த்தாக அடங்கிவிட்டது. மாதிரியை நம்பித் தூங்குகிறவர்களிடம் இதை அடிக்கடி சொல்வேன்.

மின்னழுத்தத்தைச் சட்டென்று திருத்தும் தானியங்கிக் கருவிகள் தணிப்பைத் தின்றுவிடும் என்பது 1960களிலேயே தெரிந்த விஷயம். அதற்கு மருந்தாக ஜெனரேட்டர்களில் நிலைப்படுத்தி என்ற கருவியைப் பொருத்தினார்கள். சுழலி வேகமெடுக்கும்போது காந்தப்புலத்தைக் கொஞ்சம் கூட்டி இழுத்துப் பிடிக்கும். வேகம் குறைந்தால் விட்டுக்கொடுக்கும். இந்த நிலைப்படுத்திகள் இருப்பது பழைய அனல், நீர்மின் இயந்திரங்களில். அவற்றை நிறுத்திவிட்டு, சூரியத் தகடு, காற்றாலை மின்சாரத்தைத் தொகுப்புக்கு ஏற்ற மாறுதிசை மின்சாரமாக்கும் இன்வெர்ட்டரைக் கொண்டுவந்தால் மருந்தும் சேர்ந்தே வெளியேறுகிறது. இன்வெர்ட்டருக்கும் தணிக்கும் வேலையைக் கற்பிக்கலாம். யாராவது கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: நிலைமம் குறைவதுதானே தணிப்பு குறையக் காரணம்?

இரண்டும் வேறு. நிலைமம் என்பது சுழலும் கனமான இயந்திரங்கள் வேக மாற்றத்தை எதிர்க்கும் தன்மை. அது குறைந்தால் ஒரு ஜெனரேட்டர் நின்றதும் அதிர்வெண் விரைவாக விழும், அலைவும் வேகமாகும். தணிப்பு பெரும்பாலும் கட்டுப்பாட்டுக் கருவிகளின் கையில் இருக்கிறது. இன்வெர்ட்டர் அந்தத் தன்மையைப் பாவனை செய்வதுதான் செயற்கை நிலைமம். தாமதமாக வினையாற்றும் செயற்கை நிலைமத்தைச் சேர்த்து அலைவை மோசமாக்குவதும் நடக்கக்கூடியதே.

கேள்வி: எங்கள் சூரிய மின்நிலையத்தின் இன்வெர்ட்டர்கள் எல்லாச் சோதனையிலும் தேறியவை. ஆனாலும் மின்னழுத்தத்தில் 15 ஹெர்ட்ஸுக்கு மேல் ஓர் அலைவு தெரிகிறது. எங்கே தவறு?

உங்கள் நிலையம் நீண்ட, மெலிந்த தடத்தின் கடைக்கோடியில் இருக்கும் என்று ஊகிக்கிறேன். சாதாரண இன்வெர்ட்டர் தொகுப்பின் மின்னழுத்தத்தைப் பார்த்து, அதன் தாளத்துக்கு மின்னோட்டம் செலுத்தும். ஆய்வகத்தில் அந்த மின்னழுத்தம் மலைபோல் அசையாது. உங்கள் இடத்தில் நீங்கள் செலுத்தும் மின்னோட்டமே அதை அசைக்கிறது. அந்த அசைவைக் கண்டு இன்வெர்ட்டர் திருத்துகிறது. திருத்தம் மறுபடி அசைக்கிறது. பக்கத்து நிலையமும் இதையே செய்தால் கேட்கவே வேண்டாம். ஆஸ்திரேலியாவின் மேற்கு மர்ரே பகுதியில் இதனால் 2019 செப்டம்பர் முதல் 2020 ஏப்ரல் வரை ஐந்து சூரிய நிலையங்களின் உற்பத்தியைப் பாதியாகக் கட்டிவைத்தார்கள். இன்வெர்ட்டர் அமைப்புகளைத் திருத்திய பிறகே விடுவித்தார்கள். 2019 ஆகஸ்ட் 9 அன்று பிரிட்டனில் மின்னல் தாக்கிய நொடியில் ஹார்ன்சீ கடல் காற்றாலை 737 மெகாவாட்டை இழந்ததற்கும் இத்தகைய மின்னழுத்தக் கட்டுப்பாட்டுக் கோளாறே காரணம்.

முதலில் அலைவடிவத்தைப் பதிவுசெய்யுங்கள். மின்னழுத்தக் கட்டுப்பாட்டின் பெருக்கத்தை, அதாவது அது எவ்வளவு வேகமாகத் துள்ளித் திருத்துகிறது என்பதைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும். ஆனால் தொகுப்பை இயக்குபவருக்குத் தெரியாமல் எதிலும் கைவைக்காதீர்கள். உங்களிடம் அடங்கியது அடுத்தவரிடம் கிளம்பலாம்.

கேள்வி: கட்டுப்பாட்டு அறைத் திரையில் அப்படி எதுவும் தெரியவில்லையே?

தெரியாது. அந்தத் திரைக்குத் தகவல் திரட்டும் ஸ்காடா என்ற கண்காணிப்பு அமைப்பு சில வினாடிக்கு ஒருமுறைதான் எட்டிப் பார்க்கிறது. செயற்கைக்கோள் நேரத்தோடு ஒத்திசைந்து அளக்கும் பிஎம்யூ கருவி வேண்டும். அதிலும் ஒரு கண்ணி உண்டு: வினாடிக்கு 25 முறை அளக்கும் கருவியில் வடிகட்டி சரியில்லாவிட்டால், 20 ஹெர்ட்ஸ் அலைவு 5 ஹெர்ட்ஸாக வேடம் போடும். நோய் தெரியாமல் மருந்து கொடுப்பீர்கள்.

கேள்வி: 2025 ஏப்ரல் 28 ஸ்பெயின், போர்ச்சுகல் மின்தடைக்கு அலைவுதான் காரணமா?

தொகுப்பைச் சாய்த்தது அடுக்கடுக்காக ஏறிய மின்னழுத்தம். அதற்கு முந்தைய அரைமணி நேரத்தில் 0.6, 0.2 ஹெர்ட்ஸ் என இரண்டு அலைவுகள் வந்தன. அவற்றை அடக்கக் கூடுதல் தடங்களை இணைத்தார்கள், பிரான்சுக்குப் போகும் மின்சாரத்தைக் குறைத்தார்கள். அலைவு அடங்கியது. ஆனால் சுமை குறைந்த நீண்ட தடங்கள் மின்னழுத்தத்தை உயர்த்தும். இயக்குபவர்களைக் குறை சொல்வது எளிது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன்.

கேள்வி: தொகுப்பை உருவாக்கும் வகை இன்வெர்ட்டர் வந்தால் எல்லாம் தீருமா?

நிறையத் தீரும். ஹவாயின் கவாய்த் தீவில் 2021 நவம்பரில் பெரிய ஜெனரேட்டர் ஒன்று நின்றதும் 18–20 ஹெர்ட்ஸ் அலைவு கிளம்பியது. பேட்டரி நிலைய இன்வெர்ட்டரை இந்த முறைக்கு மாற்றினால் அது தணியும் என்று ஆய்வு காட்டியது. இது பிறர் தாளத்தைப் பார்த்து ஆடாமல் தானே மின்னழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். ஆனால் மின்னோட்ட வரம்பைத் தொட்டுவிட்டால் இதுவும் கைவிரிக்கும். ஏற்கெனவே வலுவான தொகுப்பில் இதற்கென்று தனி அலைவுகளும் உண்டு.

கேள்வி: என் வீட்டு விளக்கு மினுக்குகிறது. இதுதானா அது?

பெரும்பாலும் இல்லை. தளர்ந்த இணைப்பாக இருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.