பதினோராம் வசனமும் பத்தாம் வசனமும்

அன்புள்ள ஐயா,

நாங்கள் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்திலிருந்து வந்து பெங்களூரில் குடியிருக்கும் சி.எஸ்.ஐ. குடும்பம். இரவு குடும்ப ஜெபத்தில் ஆதியாகமத்தில் தொடங்கி வரிசையாக வேதம் வாசித்து வருகிறோம். போன வாரம் நியாயாதிபதிகள் 19-ஆம் அதிகாரம் வந்தது. கல்லூரியில் படிக்கும் மகள் பாதியில் வேதத்தை மூடிவிட்டாள். "இதையெல்லாம் எதற்கு வீட்டில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும்?" என்று கேட்டாள். பிளஸ் டூ படிக்கும் மகனோ, "தினமும் வாட்ஸ்அப்பில் வசனம் வருகிறது, ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் கேட்கிறோம், அது போதாதா?" என்கிறான். என் கணவர் அதட்டி உட்காரவைக்கிறார். எனக்கு அதில் விருப்பமில்லை. அப்படியே விட்டுவிடவும் மனம் வரவில்லை. இந்தக் காலத்தில் குடும்பமாக வேதம் வாசிப்பதற்கு உண்மையிலேயே அவசியம் இருக்கிறதா?

ஒரு வாசகி, பெங்களூர்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் அந்த அதிகாரத்தைச் சரியாகத்தான் வாசித்திருக்கிறாள். பெத்லெகேம் ஊர்ப் பெண் ஒருத்தி. ஆலயப் பணிக்கென்று பிரிக்கப்பட்ட லேவி கோத்திரத்தான் ஒருவனின் மறுமனையாட்டி, அதாவது முழு மனைவியின் அந்தஸ்து இல்லாதவள். கிபியா என்ற ஊரில் இராத்தங்கிய வீட்டைக் கயவர்கள் சூழ்ந்துகொண்டபோது அவளை வெளியே விட்டுத் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறான் அவன். விடியும்போது அவள் வாசலில் விழுந்து கிடக்கிறாள், கைகள் வாசற்படியின்மேல் இருக்கின்றன. அவன் கதவைத் திறந்து, எழுந்திரு, போகலாம் என்கிறான். பதில் இல்லை. இதை வாசித்து ஒரு பெண்ணுக்குக் கோபம் வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். எழுதியவரும் அந்தக் கோபத்தைத்தான் எதிர்பார்க்கிறார். "அந்நாட்களில் இஸ்ரவேலில் ராஜா இல்லை, அவனவன் தன் தன் பார்வைக்குச் சரிப்போனபடி செய்துவந்தான்" என்று அவர் புத்தகத்தை முடிப்பது பாராட்டுப் பத்திரமா என்ன?

ஆனால் அங்கேயே மூடிவிட்டால் பாதிதான் கிடைக்கும். இன்னும் இரண்டு அதிகாரம் தாண்டினால் ரூத் புத்தகம். அதே நியாயாதிபதிகள் காலம், அதே பெத்லெகேம். இப்போது ஊருக்குள் வருபவள் ரூத், மோவாப் என்ற அயல்தேசத்து விதவை, கேட்க நாதியில்லாதவள். வயலில் கதிர் பொறுக்கப் போகிறாள். வயலின் சொந்தக்காரர் போவாஸ் அவளிடம் முதன்முறை பேசும்போதே, உன்னைத் தொடக்கூடாது என்று வேலைக்காரர்களுக்குச் சொல்லியிருக்கிறேன், தாகமெடுத்தால் அவர்கள் மொண்டுவைத்திருப்பதைக் குடி என்கிறார். ரூத்தை மாமியார் மெச்சிய மருமகளாக மட்டும் ஞாயிறு பள்ளியில் கேட்டவர்களுக்கு இது சாதாரண உபசாரப் பேச்சு. கிபியாவைக் கடந்து வந்தவர்களுக்கு அப்படி இல்லை. தனியாக வயலுக்கு வரும் பெண்ணுக்கு அந்தக் காலத்தில் என்ன நேரும் என்று போவாஸுக்குத் தெரியும். மாமியார் நகோமிக்கும் தெரியும், வேறு வயலுக்குப் போகாதே என்று அவள் மருமகளை எச்சரிப்பது அதனால்தான். இதெல்லாம் வரிசையாக வாசிக்கிற வீட்டுக்குத்தான் பிடிபடும். கோயிலில் கிபியாவைப் பற்றிப் பிரசங்கம் கேட்பது அபூர்வம். அதைக் குறையாகச் சொல்லவில்லை. கைக்குழந்தை முதல் பாட்டி வரை உட்கார்ந்திருக்கும் இடத்தில் அது சங்கடம்தான்.

(வேதத்தைத் தமிழாக்கத் தொடங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1719-இல் தரங்கம்பாடியில் இறந்தபோது பழைய ஏற்பாட்டை ரூத் வரைதான் தமிழாக்கியிருந்தார். மீதியை முடித்தவர் பெஞ்சமின் சூல்ட்சே. ரூத்துக்கு வந்து சேர அவரும் கிபியா வழியாகத்தான் நடந்திருக்கிறார்.)

மகன் சொல்வதற்கு எரேமியா 29 போதும். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்பதை வருஷப்பிறப்பு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டையாகவும், பிறகு வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூ படத்தின்மேலும் எத்தனை முறை பார்த்திருப்பான்! அது 11-ஆம் வசனம். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்கள் திரும்பிவருவது அங்கே எழுபது வருஷம் முடிந்த பின்புதான் என்று 10-ஆம் வசனம் சொல்கிறது. அது யாருடைய அட்டையிலும் வருவதில்லை. முந்தைய அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று ஆலயத்தில் எல்லார் முன்பும் முழங்கி, பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தைப் பிடுங்கி உடைக்கிறான். அனனியா இன்றைக்கு இருந்தால் கூட்டம் அலைமோதும். எரேமியாவோ சிறைப்பட்டுப் போனவர்களுக்குக் கடிதம் எழுதுகிறார்: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், நீங்கள் போய்ச் சேர்ந்த பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் செய்யுங்கள். அதைக் கேட்ட பெரியவர்களில் பலர் எருசலேமை மறுபடி பார்க்காமலே பாபிலோனில் கண்ணை மூடியிருப்பார்கள். சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்ற வாக்கு அவர்களுக்கும் சேர்த்துத்தான். அட்டையை மட்டும் வாசித்தவனுக்கு, கேட்ட கல்லூரியில் இடம் கிடைக்காவிட்டால் கர்த்தர் கைவிட்டார் என்று ஆகிவிடும். நுழைவுத் தேர்வு எழுதப்போகும் வயதில் 11 மட்டும் தெரிந்து 10 தெரியாமலிருப்பது நல்லதல்ல.

வாட்ஸ்அப் வசனத்தை யாரோ ஒருவர் தேர்ந்தெடுத்து அனுப்புகிறார். நல்லெண்ணத்தோடுதான் அனுப்புகிறார் என்றே வைத்துக்கொள்வோம். எங்கே தொடங்குவது, எங்கே வெட்டுவது என்பதை அவர்தான் முடிவு செய்கிறார். முன்னும் பின்னும் புரட்டிப் பார்க்கப் பழகிய பிள்ளையிடம், ஒற்றை வசனத்தைச் சொல்லிக் காணிக்கைக் கவரை நீட்டுவது எந்த ஊழியக்காரருக்கும் சிரமம். பெரோயா பட்டணத்தில் இருந்தவர்கள் பவுல் சொன்னதைக்கூட, அப்படித்தானா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களில் ஆராய்ந்து பார்த்தார்கள். அப்போஸ்தலர் 17 அவர்களை அதற்காகக் கடிந்துகொள்ளவில்லை, நற்குணசாலிகள் என்கிறது.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகளே, பெற்றாருக்குக் கீழ்ப்படியுங்கள் என்ற எபேசியர் 6:1 நம் வீடுகளில் எல்லாருக்கும் மனப்பாடம். அதே அதிகாரத்தில் மூன்று வசனம் தள்ளி, பிதாக்களே, பிள்ளைகளைக் கோபப்படுத்தாதேயுங்கள் என்று வருகிறது. முழு அதிகாரத்தையும் வாசிக்கும் வீட்டில் அப்பாவும் தப்ப முடியாது. பல வீடுகளில் குடும்ப ஜெபம் கசந்துபோவதற்கு வாசிப்பு காரணமே இல்லை, அதற்குப் பின் வரும் ஜெபம்தான் காரணம். "கர்த்தாவே, இந்தப் பிள்ளை போனைக் கீழே வைத்துப் படிக்கக் கிருபை செய்யும்" என்று கண்ணை மூடிக்கொண்டு திட்டினால், அது யாருக்குச் சொல்லப்படுகிறது என்று பிள்ளைக்குத் தெரியாதா?

அதட்டல் வேண்டாம். ஓர் அதிகாரம், ஆளுக்குச் சில வசனங்கள், சின்ன ஜெபம் போதும். தமிழில் வாசிக்கத் தடுமாறினால் பிள்ளைகள் ஆங்கில வேதத்தை வைத்துக்கொள்ளட்டும். கேள்வி கேட்டால், பதில் தெரியாதபோது தெரியாது என்று சொல்லிவிடுங்கள். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் கிபியாவைத் தாண்டிப் போகவே சொல்லியிருப்பேன். உங்கள் பிள்ளைகள் வளர்ந்தவர்கள். மகள் மூடிய இடத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். நேரே ரூத் இரண்டாம் அதிகாரத்தை எடுத்து அவளையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பழைய அதிகாரத்துக்குத் திரும்புவதா வேண்டாமா என்பதை அவள் முடிவு செய்யட்டும்.