டெங்குவும் மலேரியாவும் ஒரே குழந்தைக்கு வருமா?

கேள்வி: என் 3 வயது மகனுக்குக் காய்ச்சல் வந்து, பரிசோதனையில் டெங்கு என்றார்கள். எட்டு நாளாகியும் காய்ச்சல் விடவில்லை. மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு மலேரியாவும் இருக்கிறது என்கிறார்கள். இரண்டும் சேர்ந்து வருமா? முதல் பரிசோதனை தவறா?

பதில்: சேர்ந்து வரும். முதல் பரிசோதனை தவறாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும், மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் இரவில் கடிக்கும். இரண்டு கொசுவும் உள்ள ஊரில் ஒரு குழந்தை இரண்டிடமும் கடி வாங்கலாம்.

இரண்டிலும் காய்ச்சல், வாந்தி, சோர்வு இருக்கும், பிளேட்லெட்டும் குறையும். எங்கே வலிக்கிறது என்று சின்னக் குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. ஒரு ரிப்போர்ட்டில் டெங்கு என்று வந்துவிட்டால் அதோடு தேடுவதை நிறுத்திவிடும் ஆபத்து இங்கேதான். டெங்கு காய்ச்சல் பெரும்பாலும் 2 முதல் 7 நாள் வரைதான். நடுவில் ஓரிரு நாள் விட்டுத் திரும்புவது டெங்குவிலேயே உண்டு. ஆனால் ஏழு நாளைத் தாண்டினாலோ, குளிர்நடுக்கம், வெளிறிப்போதல், மஞ்சள் காமாலை இருந்தாலோ வேறு தொற்றையும் தேட வேண்டும். மலேரியாவுக்கான ரத்தப் பூச்சு (ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்க்கும் பரிசோதனை) ஒருமுறை நெகட்டிவ் என்றால் போதாது, 12 முதல் 24 மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். கூடவே பாக்டீரியா தொற்றும் இருக்கலாம் என்பதால் ரத்த கல்ச்சரும் (ரத்தத்தில் பாக்டீரியா வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) எடுப்பார்கள்.

இரண்டும் சேர்ந்தால் டிரிப்ஸ் விஷயத்தில் மிகுந்த கவனம் தேவை. டெங்குவில் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிவதால் டிரிப்ஸ் உயிர் காக்கும். கடுமையான மலேரியாவிலோ அதே டிரிப்ஸ் வேகமாக ஏறினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அதனால் மகனை மருத்துவமனையில் வைத்துப் பார்ப்பதே நல்லது.

காய்ச்சலுக்கு, எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் மட்டும். ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம். விடாத வாந்தி, வயிற்றுவலி, ரத்தக்கசிவு, கைகால் சில்லிடுதல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். காய்ச்சல் இறங்கிய பிறகும் இவை வரலாம்.

அப்புறம், எந்த வகை மலேரியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வைவாக்ஸ் என்றால் கிருமி கல்லீரலில் பதுங்கி, மாதங்கள் கழித்தும் காய்ச்சலாகத் திரும்பும். அதைத் தடுக்கப் பிரைமாகுயின் என்ற மருந்து உண்டு; கொடுப்பதற்கு முன் ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் என்சைம்; அது குறைவாக இருந்தால் இந்த மருந்து சிவப்பணுக்களை உடைக்கும்) பரிசோதனை செய்தார்களா என்றும் கேளுங்கள்.