உலோகச் செதுக்கு: கேள்வி – பதில்

கே: பித்தளைத் தகட்டில் கொடி வேலை பழகுகிறேன். கோடு நன்றாகத்தான் போகிறது, முடியும் இடத்தில் உளியின் முனை உடைந்துவிடுகிறது. மலிவான உளி வாங்கியதுதான் காரணமா? (வாசகர், கும்பகோணம்)

ப: முதலில் 10 மடங்கு லென்ஸில் முனையைப் பாருங்கள். உடைந்திருக்கிறதா, வளைந்திருக்கிறதா? வளைந்திருந்தால் எஃகு மெத்தென்று இருக்கிறது. பழைய அரத்தைத் தேய்த்துச் செய்த உளி, சாணையில் சூடேறி நீலம் பாய்ந்திருந்தால் அப்படித்தான் ஆகும், கடினம் போய்விட்டது. அந்தப் பகுதியை நீக்கிவிட்டு, அடிக்கடி தண்ணீரில் தோய்த்துக்கொண்டே மறுபடி தீட்டுங்கள்.

உடைந்திருந்தால் பெரும்பாலும் கை செய்யும் வேலை. கோட்டை முடிக்க எல்லோரும் கைப்பிடியைத் தாழ்த்தி, வெட்டுப்பட்டு எழும் உலோகச் சுருளை நெம்பி எடுக்கிறார்கள். அந்த நெம்பலை முழுக்கத் தாங்குவது மயிரிழை முனை மட்டுமே. முன்னே தள்ளிக்கொண்டே மெல்லத் தாழ்த்துங்கள். கோடு தானாக மெலிந்து, சுருள் அறுந்து விழும். கோடு பட்டென்று நிற்க வேண்டிய இடமென்றால் நெம்பவே வேண்டாம். உளியை வந்த வழியே பின்னிழுத்து, எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு சின்ன வெட்டு கொடுத்தால் சுருள் துண்டாகிவிடும்.

அடுத்தது கோணம். முகப்பட்டை, அதாவது உளி முனையில் சாய்வாகத் தீட்டும் முன்பக்கம், 45 டிகிரி இருந்தால் பித்தளைக்கும் வெள்ளிக்கும் போதும். அதைவிடக் கூர்மையாக 35 டிகிரிக்குத் தீட்டினால் முதல் நாலு கோடு வெண்ணெய் போல வெட்டும், ஐந்தாவதில் முனை போய்விடும். இரும்பு வெட்டுவதென்றால் 50 முதல் 55 வரை போகலாம். கார்பைடு உளி மிகக் கெட்டி, ஆனால் நொறுங்கும்; நெம்பலைச் சுத்தமாகத் தாங்காது. பழகுகிறவர்களுக்கு ஹைஸ்பீடு எஃகுதான் நல்லது.

உடைந்த முனையை 600 கிரிட் (சொரசொரப்பு எண்; கூடக் கூட நைசு) வைரக் கல்லில் சரிசெய்து 1200-இல் முடியுங்கள். கூர்மை வந்ததா என்று பார்க்க, கட்டைவிரல் நகத்தில் முனையைச் சாய்வாக, அழுத்தாமல் வையுங்கள். பிடித்து நின்றால் சரி. வழுக்கினால் இன்னும் தீட்ட வேண்டும். லென்ஸில் முனையில் ஒரு வெள்ளைப் புள்ளி மின்னினாலும் மழுங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

கே: நேர்கோடு சுத்தமாக வருகிறது. வளைவில் மட்டும் கோட்டின் வெளிப்பக்கம் நிழல் போல இன்னொரு கீறல் விழுகிறது. (வாசகி, நாகர்கோவில்)

ப: உளியின் அடிப்பட்டை நீளமாக இருக்கிறது. முனைக்குக் கீழே 15 முதல் 20 டிகிரியில் தீட்டுகிறோமே, அந்தக் குட்டிப் பட்டை அரை மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வளைவில் திரும்பும்போது அதன் பின்முனை வெளிச்சுவரை உரசும். அடியைத் தொடாமல் முகத்தை மட்டும் தேய்த்துக்கொண்டே வாருங்கள். முனை பின்வாங்க, அடிப்பட்டை தானாகக் குட்டையாகும். இறுக்கமான வளைவுக்கு 0.3 மில்லிமீட்டர் போதும்.

இன்னொன்று: வளைவில் உளியைத் திருப்பாதீர்கள். பொருளைத் திருப்புங்கள். மணல் நிரப்பிய தோல் பையோ சுழலும் வைஸோ (பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவி) இருப்பது அதற்குத்தான்.

கே: வெள்ளி டாலரில் தமிழில் பெயர் வெட்ட வேண்டும். எழுத்தை எப்படி மாற்றுவது? (வாசகர், சேலம்)

ப: டாலரைப் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவித் துடையுங்கள், பிறகு விரல் படக் கூடாது. பெயரைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பி லேசர் பிரிண்ட் எடுங்கள். ஜெராக்ஸும் ஆகும், இங்க்ஜெட் ஆகாது. மை படிந்த பக்கத்தை வெள்ளியில் வைத்து, அசிட்டோனில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் பின்புறம் ஒற்றிக் கரண்டியின் முதுகால் அழுத்துங்கள். பஞ்சு சொட்டினால் எழுத்து கரைந்து வழிந்துவிடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது. ஒட்டிய எழுத்து உள்ளங்கை பட்டாலே அழியும். உடனே ஊசியால் லேசாகக் கீறி வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்தின் உயரத்தை 3 மில்லிமீட்டருக்குக் கீழே கொண்டுபோக வேண்டாம். ‘ண’வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி ‘ன’ ஆகிவிடும், பெயரே மாறிப்போகும்.

கே: குங்குமச் சிமிழில் வெட்டும்போது தகடு உள்ளே அமுங்குகிறது. உளி வழுக்கி ஒரு கீறலும் விழுந்துவிட்டது. (வாசகி, தஞ்சாவூர்)

ப: மெல்லிய தகட்டை வெறுமையாக வெட்டவே கூடாது. குங்கிலியத்தை உருக்கி, கிட்டத்தட்ட அதே எடை சலித்த செங்கல் பொடி கலந்து, சில சொட்டு எண்ணெய் விட்டு உள்ளே ஊற்றுங்கள். ஆறியபின் நகத்தால் அழுத்தினால் லேசாகத் தடம் விழ வேண்டும். நொறுங்கினால் எண்ணெய் போதாது, பிசுபிசுத்தால் பொடி போதாது. சிமிழின் வாயைத் திறந்தே வையுங்கள். மூடியபடி சூடாக்கினால் உள்ளே அடைபட்ட காற்று கலவையைப் பீய்ச்சியடிக்கும். வேலை முடிந்ததும் மெல்லச் சூடாக்கிக் கவிழ்த்து, மிச்சத்தை டர்பெண்டைனில் கழுவலாம்.

கீறல் மேலோட்டமானது என்றால், ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பளபளப்பாகத் தேய்த்த எஃகுக் கம்பியால் இரு கரையிலிருந்தும் உலோகத்தைக் கீறலுக்குள் தள்ளித் தேயுங்கள். ஆழமானதை 400, 600, 1000 என்று உப்புத்தாளில் அகலமாகப் பரத்தித் தேய்க்க வேண்டும். கீறலை மட்டும் தேய்த்தால் பள்ளம் விழுந்து வெளிச்சத்தில் காட்டிக்கொடுக்கும். தங்க முலாம் பூசியதென்றால் இரண்டும் வேண்டாம், முலாமே போய்விடும்.

கே: இதே உளியால் எவர்சில்வர் டம்ளரில் பெயர் வெட்டலாமா? (வாசகர், மதுரை)

ப: வேண்டாம். தேய்க்கத் தேய்க்க இறுகுகிற உலோகம் அது. உளி ஒருமுறை வழுக்கினால் அந்த இடம் இன்னும் கெட்டியாகும். பாத்திரக் கடையில் உள்ள அதிரும் மெஷின்தான் அதற்குச் சரி. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் காந்தச் சுருள் வகை நொடிக்கு 100 முறை குத்தும். கையை மெதுவாக நகர்த்தினால் புள்ளிகள் சேர்ந்து கோடாகத் தெரியும், அவசரப்பட்டால் தனித்தனிப் புள்ளிதான்.

கே: வீட்டில் பழைய தந்தத் துண்டு இருக்கிறது. சிறு பிள்ளையார் செதுக்கி விற்கலாமா? (வாசகர், திருச்சி)

ப: விற்கக் கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 1986 திருத்தம் இந்திய யானைத் தந்த வணிகத்தையும், 1991 திருத்தம் இறக்குமதி ஆப்பிரிக்கத் தந்த வணிகத்தையும் தடுத்துவிட்டன. துண்டைத் தொடும் முன் வனத்துறையிடம் கேளுங்கள். வெண்மை வேண்டுமென்றால் மாட்டெலும்பு இருக்கிறது. சோப்புத் தண்ணீரில் மிதமான சூட்டில் கொழுப்பை எடுக்க வேண்டும். தளதளவென்று கொதிக்கவிட்டால் சுண்ணாம்பு போல உதிரும். உங்களுக்கு எங்கள் யோசனை முற்றிய தேங்காய்ச் சிரட்டை. செலவில்லை, விளிம்பு கூர்மையாக நிற்கும். சில மில்லிமீட்டர் தடிமன்தான் என்பதால் முழு உருவம் வராது, புடைப்பு வேலைக்குத்தான் ஆகும். எலும்போ சிரட்டையோ, தூசிக்கு என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டே உட்காருங்கள்.