பாக்கெட்டில் துப்பாக்கி வைக்கலாமா?

கேள்வி: டெக்சாஸில் ஹூஸ்டன் பக்கம் இருக்கிறோம். க்ரீன் கார்டு வந்துவிட்டது. ராத்திரி கடையைப் பூட்டிவிட்டுத் தனியாக வரவேண்டியிருப்பதால் சின்னதாக ஒரு கைத்துப்பாக்கி வாங்கலாம் என்று யோசனை. கூட வேலை செய்பவர் ஜீன்ஸ் பாக்கெட்டில் அப்படியே போட்டுக்கொண்டு திரிகிறார், 'பதினைந்து வருஷமா ஒண்ணும் ஆகல' என்கிறார். என் மச்சானோ, தொடையில் ஓட்டை போட்டுக்கொள்ளப் போகிறாய் என்று பயமுறுத்துகிறார். யார் சொல்வது சரி?

பதில்: மச்சான் பக்கம்தான் நான், ஆனால் முழுசாக இல்லை. பாக்கெட்டில் வைப்பது தப்பில்லை, உறை இல்லாமல் வைப்பதுதான் தப்பு. இப்போதே உங்கள் வலது பாக்கெட்டில் கையை விட்டுப் பாருங்கள்: வண்டிச் சாவி, நாலு சில்லறை, பேனா மூடி, பிள்ளை கொடுத்து வைத்த லெகோ துண்டு. இதில் எது வேண்டுமானாலும் விசை (ட்ரிகர்) வளையத்துக்குள் நுழையலாம். நீங்கள் குனியும்போதோ காரில் ஏறும்போதோ துணி இழுக்கும், உள்ளே போனது விசையை அழுத்தும். க்ளாக் மாதிரி பிஸ்டலில் விசையிலேயே ஒரு சின்னப் பாதுகாப்பு நாக்கு இருக்கிறது, உண்மைதான், ஆனால் அழுத்துவது விரலா சாவியா என்று அதற்குத் தெரியாது. சுமார் இரண்டரை கிலோ அழுத்தம் போதும். அந்த நேரத்தில் குழல் பார்த்துக்கொண்டிருப்பது உங்கள் தொடையை, அங்கேதான் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது.

ப்ளாக்ஸிகோ பர்ரஸ் என்ற கால்பந்து வீரர் (அமெரிக்கக் கால்பந்து) கதை அங்கே எல்லோருக்கும் தெரியும். 2008 நவம்பரில் நியூயார்க் கிளப் ஒன்றுக்கு ட்ராக் பேன்ட் இடுப்பில் க்ளாக்கைச் செருகிக்கொண்டு போனார், அது நழுவி, தன் தொடையிலேயே சுட்டுக்கொண்டார். பாக்கெட் இல்லை, இடுப்புதான், ஆனால் சங்கதி ஒன்றே: பிடித்து நிறுத்த எதுவும் இல்லாத துப்பாக்கி. நியூயார்க்கில் உரிமம் இல்லாமல் வைத்திருந்ததற்காக இரண்டு வருஷத் தண்டனை வேறு. இதிலிருந்து இன்னொன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள், துப்பாக்கி கீழே விழுந்தால் பிடிக்கப் பாயாதீர்கள். நழுவும் பாத்திரத்தைப் பிடிக்கிற பழக்கம் நம் கைக்கு உண்டு, விரல் நேராக விசையில்தான் போய் நிற்கும். விழட்டும்.

உங்கள் நண்பரின் பதினைந்து வருஷத்தைப் பற்றி ஒன்றுதான் சொல்வேன்: ஹெல்மெட் போடாமல் பதினைந்து வருஷம் ஓட்டியவர்களும் இருக்கிறார்கள்.

கேள்வி: சரி, அப்படியானால் எதை வாங்குவது? ரூகர் எல்சிபியா, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வரா?

பதில்: முதலில் பேன்ட்டைப் பாருங்கள், அப்புறம் துப்பாக்கியை. ஜீன்ஸ் பாக்கெட் ஆழம் குறைவு, வாயும் இறுக்கம், பிடி வெளியே எட்டிப்பார்க்கும், அவசரத்தில் கை உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். ஆழமான முன்பாக்கெட் உள்ள தளர்வான பேன்ட் வேண்டும். பின்பாக்கெட் வேண்டவே வேண்டாம்.

எல்சிபி சின்ன பிஸ்டல், தோட்டா இல்லாமல் கால் கிலோ சொச்சம்தான், பர்ஸ் கனம். சௌகரியம், ஆனால் சுடும்போது கையை உதறும். பழசு வாங்குவதாக இருந்தால் கவனம்: 2008இல் வந்த ஆரம்ப கால எல்சிபிகள், 370 என்று தொடங்கும் சீரியல் நம்பர் உள்ளவை, கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று ரூகரே திரும்ப அழைத்துச் சரிசெய்து கொடுத்தது. சரிசெய்ததா என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் 642 ரிவால்வர் நானூறு கிராம் சொச்சம், ஐந்தே குண்டு, குண்டு வைக்கும் உருளை பாக்கெட்டில் புடைக்கும். ஆனால் குண்டைத் தட்டி வெடிக்கவைக்கும் சுத்தி உள்ளேயே மறைந்திருப்பதால் எடுக்கும்போது துணியில் மாட்டாது, விசையும் நீளமாக, கனமாக இழுக்க வேண்டியது, தெரியாமல் அழுந்துவது கஷ்டம். புதியவர், பாக்கெட்தான் என்று முடிவு செய்துவிட்டார் என்றால் நான் ரிவால்வரைத்தான் கையில் கொடுப்பேன். சுட்டுப் பழகும் ரேஞ்சில் இரண்டையும் வாடகைக்கு எடுத்து ஐம்பது ஐம்பது குண்டு சுட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள், பாதிப் பேர் அங்கேயே மனசு மாறிவிடுகிறார்கள்.

உறையில் கஞ்சத்தனம் வேண்டாம். விசையை முழுதாக மூடவேண்டும், வெளியிலிருந்து அழுத்தினாலும் விசை விரலுக்குத் தட்டுப்படாத அளவுக்கு விறைப்பாக இருக்கவேண்டும், துப்பாக்கியை உருவும்போது உறை பாக்கெட்டிலேயே நிற்கவேண்டும். சொரசொரப்பான மேல்துணி அல்லது கொக்கி மாதிரி ஓர் ஓரம் இதற்காகத்தான். காலியான துப்பாக்கியை வைத்து வீட்டில் இருபது முறை உருவிப் பாருங்கள், ஒரு முறை உறையோடு சேர்ந்து வந்தாலும் கடையில் திருப்பிக் கொடுங்கள். திரும்ப வைக்கும்போது பாக்கெட்டுக்குள் இருக்கும் உறையைத் தேடிக் குத்தாதீர்கள். உறையை வெளியே எடுத்து, துப்பாக்கியை அதில் நுழைத்து, இரண்டையும் சேர்த்து உள்ளே போடுங்கள். அந்தப் பாக்கெட்டில் வேறு எதுவும் கூடாது, சூயிங்கம் கூட. வாரம் ஒருமுறை பஞ்சையும் தூசியையும் துடைத்துவிடுங்கள்.

பிஸ்டல் என்றால் சேம்பரில் (சுடத் தயாராகக் குண்டு நிற்கும் அறை) குண்டு ஏற்றி வைப்பதா வேண்டாமா என்று பெரிய சண்டையே நடக்கும். ஏற்றாவிட்டால் ஆபத்து நேரத்தில் அதை ஏற்ற இரண்டு கையும் வேண்டும், அது நிஜம். இருந்தாலும் முதல் சில வாரம் ஏற்றாமல் நடந்து பழகுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கேள்வி: லைசென்ஸ் தேவையா? கோயிலுக்கு, காரில் எல்லாம் எப்படி?

பதில்: 2021 செப்டம்பர் முதல் டெக்சாஸில் 21 வயதானவர், சட்டத் தடை இல்லாதவர், லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் லைசென்ஸ் எடுத்துவிடுங்கள் என்பேன். பள்ளியைச் சுற்றி ஆயிரம் அடிக்குள் துப்பாக்கியோடு போவதைத் தடுக்கும் மத்திய சட்டத்தில், மாநில லைசென்ஸ் உள்ளவருக்குத்தான் விலக்கு. உங்கள் தெருவில் பள்ளிக்கூடம் இல்லாமலா இருக்கும்? க்ரீன் கார்டுக்காரருக்கு இன்னொரு பயமும் உண்டு: துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடு கடத்தவே அது காரணமாகலாம். எச்1பி வேலை விசாவில் இருக்கும் நண்பர் 'நானும் வாங்குகிறேன்' என்று கிளம்பினால் தடுத்து நிறுத்துங்கள். வேட்டை லைசென்ஸ் போன்ற விலக்கு இல்லாமல் அவர் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே மத்தியக் குற்றம்.

காரில் உட்கார்ந்து பெல்ட் போட்டபின் பாக்கெட்டிலிருந்து எடுப்பது நடக்காத காரியம், வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து முயன்று பாருங்கள். கோயில் விஷயம் எனக்குச் சிரிப்பாக இருக்கிறது, வேட்டியில் ஏது பாக்கெட்? பேன்ட்டோடு போய் சாஷ்டாங்கமாக விழுந்தால் துப்பாக்கி தரையில் இடிக்கும், மடியில் வந்து ஏறும் குழந்தையின் கை நேராக அங்கேதான் போகும். 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலம் ஹேடனில், ஒரு தாயின் கைப்பையில் இருந்த துப்பாக்கியை இரண்டு வயசுக் குழந்தை எடுத்துச் சுட்டதில் அந்தத் தாயே இறந்துபோனார். துப்பாக்கிக்கென்றே தனி அறை வைத்துத் தைத்த பை அது. குழந்தைகள் மேலே ஏறி விளையாடும் நாளில் வீட்டுப் பெட்டகத்திலேயே பூட்டிவைத்துவிட்டுப் போங்கள். அந்தப் பெட்டகத்தின் விலையையும் இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.