ஐ.நா. ஏஐ திட்டத்துக்குப் பதிவுக் காசு கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் மாதர் சங்கத்துக்கு ஒருவர் வந்தார். ஐ.நா. எல்லா நாட்டு ஏழைகளுக்கும் செயற்கை நுண்ணறிவு (ஏஐ) கொடுக்கப் போகிறதாம். ஆளுக்கொரு டெப் (கைக்கணினி), மாதக் கொடுப்பனவும் உண்டாம். பதிவுக்கு 2,500 ரூபா, அடையாள அட்டைப் பிரதி, வங்கிக் கணக்கு விவரம், போனுக்கு வரும் ஓ.ரி.பி. இலக்கம் கேட்கிறார். 31 பேரிடம் காசு சேர்த்துவிட்டோம். கொடுக்கலாமா?
- சங்கச் செயலாளர், களுவாஞ்சிகுடி

பதில்: வேண்டாம். அந்த 77,500 ரூபாவையும் இன்றைக்கே பேர் பேராகத் திருப்பிக் கொடுத்துக் கையொப்பம் வாங்கிவிடுங்கள்.

வந்தவர் முழுப் பொய் சொல்லவில்லை. 2024 செப்டெம்பரில் ஐ.நா. உறுப்பு நாடுகள் நியூயோர்க்கில் கூடி உலக டிஜிட்டல் உடன்பாடு ஒன்றை ஏற்றுக்கொண்டன. 2025 ஓகஸ்டில் 40 பேர் கொண்ட விஞ்ஞானக் குழு ஒன்றையும், ஏஐ பற்றி நாடுகள் பேச ஓர் அரங்கையும் அமைக்கப் பொதுச்சபை தீர்மானித்தது. ஏஐ வசதி நாலைந்து நாடுகளின் கையில் மட்டும் நின்றுவிடக் கூடாது என்பது நோக்கம். ஆனால் அது அரசாங்கங்கள் தமக்குள் கொடுத்துக்கொண்ட வாக்கு. தனியாள் போய்ப் பதிய அதில் இடமில்லை, டெப்பும் இல்லை. ஐ.நா.வின் ஆறு அலுவல் மொழிகளில் தமிழும் இல்லை. நாம் வாசித்துப் பார்க்க மாட்டோம் என்பது புரோக்கர்மாருக்கு நன்றாகத் தெரியும்.

உண்மையான பயிற்சித் திட்டங்களும் வருவதுண்டு. பயணப் படியை வங்கியில் போடப் பெயர், கணக்கு இலக்கம், வங்கி, கிளை கேட்பார்கள், கொடுக்கலாம். காசு உள்ளே வர அவ்வளவும் போதும். ஓ.ரி.பி. என்பது காசு வெளியே போவதற்கான சாவி. “கணக்குச் சரியா என்று பார்க்கத்தான்” என்றாலும் கொடுக்காதீர்கள். கிராம சேவையாளரைக் கூட்டிவந்தாலும், “பக்கத்து ஊரில் எல்லாரும் தந்துவிட்டார்கள்” என்றாலும் கொடுக்காதீர்கள். அடையாள அட்டைப் பிரதி கொடுத்தே ஆகவேண்டுமென்றால் எந்தத் தேவைக்கு, எந்தத் திகதியில் என்று அட்டைப் படத்தின் குறுக்கே பேனையால் எழுதுங்கள். ஓரத்தில் எழுதினால் அந்த ஓரத்தை மறைத்துவிட்டு மறுபிரதி எடுப்பார்கள். நம் சொந்த விவரங்களைக் காக்கும் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இலங்கையில் 2022இலேயே நிறைவேறிவிட்டது. முழுதாக நடைமுறைக்கு வருவதைத்தான் தள்ளிப்போட்டார்கள். அதை நம்பிப் பிரதியை வெறுமனே நீட்ட முடியாது.

யாராவது ஏற்கெனவே ஓ.ரி.பி. சொல்லியிருந்தால், வங்கி அட்டையின் பின்பக்க இலக்கத்துக்கு உடனே அழைத்து அட்டையையும் இணைய வங்கிச் சேவையையும் நிறுத்தச் சொல்லுங்கள். மறுகா கிளைக்குப் போய்க் கடிதம் கொடுத்து, முத்திரையிட்ட பிரதி வாங்கிக்கொண்டு பொலிசுக்குப் போங்கள்.

ஏஐ பாவிக்க எந்தப் பதிவுக் காசும் தேவையில்லை. இலவசச் செயலி, கொஞ்சம் டேட்டா, அவ்வளவுதான். சிக்கல் வேறிடத்தில். நமது கந்தோர்களில் இன்னமும் யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடிப்பவர்கள் உண்டு, கேட்டால் அலுத்துக்கொள்வார்கள். அந்தக் கோப்பிலிருந்து வெட்டி ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக விழும். ஏஐ தன்பாட்டுக்கு ஒரு விளக்கம் சொல்லிவிடும். அச்சிட்ட கடிதத்தை நிழல் விழாமல் நேராகப் படம்பிடித்துக் கொடுத்து, “கடைசித் திகதி எது, என்னென்ன ஆவணம் வேண்டும்?” என்று கேளுங்கள். திகதியையும் தொகையையும் மூலக் கடிதத்தோடு கட்டாயம் ஒப்பிடுங்கள், அங்கேதான் பிழை வரும். ஆனால் சங்க அங்கத்தவர் பட்டியலை ஏஐயில் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

இன்னும் சந்தேகமிருந்தால், அப்படியொரு திட்டம் இருக்கிறதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பிரதேச செயலகத் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே எழுதிக் கேளுங்கள். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். “நாளைக்கு வாங்கோ” என்பார்கள். கடிதம் கிடைத்ததற்கான சீட்டை வாங்காமல் எழும்பாதீர்கள்.