சிஸ்டரிடம் கேளுங்கள்: போனில் வரும் மருத்துவ வீடியோக்கள்

அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வீட்டில் நோயாளியை வைத்துப் பார்ப்பவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

மதுரையிலிருந்து ஒரு மகள்: அப்பாவுக்குப் பக்கவாதம். மூக்கு வழியாக உணவு கொடுக்கும் ரைல்ஸ் ட்யூப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வார்டில் இரண்டு நிமிடம்தான் சொல்லிக்கொடுத்தார்கள். மீதியை வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ளலாமா சிஸ்டர்?

தாராளமாக. கைவேலையை வீடியோ நன்றாகவே காட்டும். நாங்கள் எழுதிக் கொடுக்கும் காகிதத்தை யார் படிக்கிறார்கள்? ஆனால் எந்த வீடியோ என்று பார்க்க வேண்டும். முதலில் நோயாளியின் தலையைக் கவனியுங்கள். மட்டமாகப் படுக்க வைத்து ஊற்றினால் அந்த வீடியோவை அப்போதே மூடிவிடுங்கள். தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி வரை உயர்ந்திருக்க வேண்டும். அப்புறம், மூக்கருகே ட்யூபில் போட்ட அடையாளம் நகர்ந்திருக்கிறதா என்று ஊற்றும் முன் பார்க்கிறாரா? சிரிஞ்சை அழுத்தித் தள்ளாமல் கஞ்சியைத் தானாக இறங்க விடுகிறாரா? கடைசியில் தண்ணீர் விட்டு ட்யூபை அலசி, அரை மணி நேரமாவது சாய்ந்தபடியே இருக்கச் சொல்கிறாரா? இருமினால் நிறுத்தச் சொல்கிறாரா? இத்தனையும் இருந்தால் சேமித்து வையுங்கள். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது ஒரு வேளை உணவை நர்ஸ் முன்னால் நீங்களே கொடுத்துக் காட்டுங்கள். கூச்சப்படாதீர்கள்.

சேலத்திலிருந்து ஒருவர்: 20 லட்சம் பேர் பார்த்த வீடியோ தப்பாகவா இருக்கும்?

இருக்கும். புராஸ்டேட் புற்றுநோய் பற்றிய 150 யூடியூப் வீடியோக்களை அமெரிக்காவில் ஆராய்ந்து 2019-ல் வெளியிட்டார்கள். முக்கால்வாசிக்கும் மேல், வீடியோவிலோ அதன் கீழுள்ள கருத்துகளிலோ தவறான அல்லது ஒருபக்கமான தகவல் இருந்தது. தரம் குறைந்தவற்றுக்குத்தான் பார்வையும் லைக்கும் அதிகம்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு மருமகள்: மாமியாருக்குக் கிட்னி பழுது, ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 4. 'கிட்னியைச் சுத்தம் செய்யும்' வாழைத்தண்டுச் சாறு, இளநீர் என்று ஒரு வீடியோ. பேசுபவர் டாக்டராம். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள் அம்மா. இரண்டிலும் பொட்டாசியம் இருக்கிறது. நல்ல கிட்னி அதை வெளியேற்றிவிடும். பழுதான கிட்னியால் முடியாது. ரத்தத்தில் அது ஏறினால் இதயத்துடிப்பே தடுமாறும். உங்கள் டாக்டர் பொட்டாசியம் அளவைப் பார்த்துச் சொன்னால் ஒழிய வேண்டாம்.

அந்த வீடியோவில் யாருக்கு ஆகாது என்று ஒரு வரியாவது வந்ததா? நான் முதலில் பார்ப்பது அதைத்தான். சிகிச்சைத் தகவலை எடைபோட இங்கிலாந்தில் 1990-களில் 'டிஸ்கர்ன்' என்று 16 கேள்விகள் உருவாக்கினார்கள். எழுத்துத் தகவலுக்காக வந்தது, வீடியோவுக்கும் பொருந்தும். அதில் மூன்று போதும்: இதில் என்ன ஆபத்து? சிகிச்சையே செய்யாவிட்டால் என்ன ஆகும்? வேறு வழிகள் உண்டா? இது மூன்றையும் தொடாமல் 'நூறு சதவீதம் குணம்' என்றால் ஏதோ விற்க வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய், புற்றுநோய், கிட்னிக் கல் போன்றவற்றைக் குணமாக்கும் என்று மருந்தை விளம்பரம் செய்வதை 1954-லேயே சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள்.

டாக்டர்தானா என்பதை தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். வெள்ளைக் கோட்டை நம்பி நானே ஒரு மூட்டுவலி எண்ணெய் வீடியோவை என் தங்கைக்கு அனுப்பியிருக்கிறேன். அவர் நடிகர் என்று அப்புறம்தான் தெரிந்தது. இன்றைக்கும் கிண்டல் செய்கிறாள்.

ஈரோட்டிலிருந்து ஒருவர்: வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்து அப்பா சுகர் மாத்திரையை நிறுத்திவிட்டார். சொன்னால் கோபப்படுகிறார்.

வாதாடாதீர்கள். காலையில் வெறும் வயிற்றில் குளுக்கோமீட்டரில் அவரையே பார்க்கச் சொல்லுங்கள். எண் பேசும். அந்த வீடியோவையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே டாக்டரிடம் போங்கள். டாக்டர் பார்த்துச் சொன்னால் கேட்பார்.

மதுரை மகள், மறுபடி: சிஸ்டர், இப்போதுதான் அப்பா ட்யூபைப் பிடுங்கிவிட்டார். திரும்பப் போடுவது எப்படி என்று ஒரு வீடியோ இருக்கிறது...

வேண்டவே வேண்டாம். உணவுக்குழாய்க்குப் பதில் மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். வீட்டில் அது உங்களுக்குத் தெரியாது. வாயிலும் தண்ணீரோ கஞ்சியோ ஊற்றாதீர்கள். தலையை உயர்த்தி வைத்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்; மூச்சுத் திணறினால் 108. சுகருக்கு இன்சுலின் போடுகிறீர்களா? உணவு போகாத நேரம் என்பதால் டாக்டரிடம் கேட்காமல் அடுத்த ஊசியைப் போடவேண்டாம். டிஸ்சார்ஜ் சம்மரியை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், ட்யூபின் சைஸ் அதில் எழுதியிருக்கலாம்.