உலோகக் கண்ணாடிக் கம்பி ஒடிந்தது ஏன்?

கேள்வி: மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் லேத் வைத்திருக்கிறேன். ஜிர்கோனியம் உலோகக் கண்ணாடிக் கம்பி ஒன்றை 3 மி.மீ.க்குக் கடைந்து தந்தேன். கடையும்போதே சுருள் தீப்பிடித்தது. பிறகு வளைத்துப் பார்த்தால் சாக்பீஸ் போல ஒடிந்துவிட்டது. எஃகைவிட பலம் என்றார்களே?
– வாசகர், புதுச்சேரி

பதில்: பலம்தான். உலோகக் கண்ணாடி என்பது, உருகிய அணுக்கள் வரிசை கட்டுமுன்பே உறைய வைத்த உலோகக் கலவை. அதில் பெயர்பெற்ற ஜிர்கோனிய ரகமான ‘விட்ரலாய் 1’ சுமார் 1,900 மெகாபாஸ்கல் (அழுத்த அளவு) தாங்கும். மைல்ட் ஸ்டீல் 250 வாக்கிலேயே வளைந்துவிடும். ஆனால் எஃகு வளைந்து எச்சரிக்கும், இது எச்சரிக்காது. 2 விழுக்காடு வரை நீண்டு பழையபடி திரும்பும், அதைத் தாண்டினால் படக்கென்று அறும். உங்கள் 3 மி.மீ. கம்பிக்குக் கணக்குப் போட்டால், 75 மி.மீ. ஆரம்வரைதான் வளைக்கலாம்.

அதற்கு முன்பே ஒடிந்ததா? அப்படியானால் அணுக்கள் வரிசை கட்டிப் படிகமாகி, எளிதில் ஒடியும் தன்மை வந்திருக்கும். இந்த ரகம் சுமார் 350 டிகிரி செல்சியஸில் இளகி, 430 வாக்கில் படிகமாகும். கடைந்த சூட்டைவிட, வார்ப்பில் புகுந்த ஆக்ஸிஜன் மேல்தான் எனக்குச் சந்தேகம். ஆக்ஸைடு துகளைச் சுற்றியே படிகம் முளைக்கும். அதனால்தான் ஆர்கான் வாயுவில், பக்கத்தில் டைட்டானியத் துண்டை முதலில் உருக்கி ஆக்ஸிஜனை உறிஞ்சவிட்டு, கட்டியை நாலைந்து முறை புரட்டி உருக்கிச் செம்பு அச்சில் ஊற்றுவார்கள். கடையாத மிச்சத் துண்டையும் வளைத்துப் பாருங்கள். அதுவும் ஒடிந்தால் தவறு வார்த்தவருடையது. அணு அடுக்கைக் காட்டும் எக்ஸ்ரே டிஃப்ராக்‌ஷன் சோதனைப் படத்தில் அகன்ற ஒரே மேடு வந்தால் கண்ணாடி; கூரான முனைகள் நின்றால் படிகம்.

சுருள் எரிந்ததற்குக் காரணம் வேறு. இந்த உலோகம் வெப்பத்தைச் சீக்கிரம் கடத்தாது, சூடெல்லாம் வெட்டுமுனையில் தங்கும், ஜிர்கோனியமோ காற்றில் எரியும். கூரான கார்பைடு டூல், குறைந்த வேகம், சுருளைக் குவியவிடாதீர்கள். தீப்பிடித்தால் உலர்ந்த மணல்தான், தண்ணீர் கூடவே கூடாது. இன்னொன்று: விட்ரலாய் 1-இல் நூற்றுக்கு 22.5 அணு பெரிலியம். அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். என்ன ரகம் என்று கேட்காமல் அரம் போடாதீர்கள், கிரைண்டரில் பிடிக்காதீர்கள்.

கேள்வி: விசைப்படகு போல்ட்டை உலோகக் கண்ணாடியில் செய்தால் உப்புக்கு அசையாதா?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: ஜிர்கோனிய ரகம் வேண்டாம். உப்பிலுள்ள குளோரைடு அதில் ஊசிக்குழி போடும். குழி விழுந்த இடத்தில் விரிசல் தொடங்கும். கடலுக்கு ஏற்றது குரோமியம், மாலிப்டினம் சேர்ந்த இரும்பு ரகம். அதையும் முழு போல்ட்டாக வார்க்காமல், தூளாக்கி அதிவேகச் சுடரில் எஃகின்மேல் பூச்சாகத் தெளிப்பார்கள். பூச்சில் நுண்துளை இருந்தால் உப்புநீர் உள்ளே இறங்கி அடியிலுள்ள எஃகை அரிக்கும். மரையில் இப்படிப் பூசினால் நட்டு ஏறாது, ஷாஃப்ட்டுக்குச் சரிவரும்.